மாறுபட்ட கருத்து: யாதுமில்லை

உங்கள் பெரியப்பா வானொலியில் பேசிய கதையை ஊரில் பல பேர் பல விதமாகச் சொல்லி நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் நடையைக் கட்டிவிடுவேன் என்று உங்கள் அம்மா சொல்லிச் சிரிப்பாள். உண்மைதான். அதனால் எழுதிவிடுகிறேன். வாயால் சொன்னால் எனக்குச் சாதகமான இடத்தில் நிறுத்திவிடுவேன்.

பெரியப்பா எனக்குச் சகலை. உங்கள் அம்மாவின் அக்காளைக் கட்டியவர். இருவருக்கும் ஒரே ஊர், கறம்பக்குடியிலிருந்து நடந்துபோகிற தூரம். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். நான் எட்டாம் வகுப்பு பாஸ். ஆனால் மாமனார் வீட்டில் ஒரு விசேஷம் என்றால், அவரைச் சுற்றித்தான் கூட்டம். நான் ஒரு விஷயத்தை முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வருவேன். பாதியில் ஆள் எழுந்து வெற்றிலை எடுக்கப் போய்விடும். அவர் நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு வாக்கியம் சொல்வார், பந்தியே சிரிக்கும். மாமியார் எனக்குச் சோறு வைக்கும்போது, "போதுங்களா?" என்று கேட்பார். பெரியப்பாவிடம் கேட்கவே மாட்டார், வைத்துக்கொண்டே இருப்பார். இதெல்லாம் ஒரு காரணமா என்று நீங்கள் கேட்கலாம். பொறாமைக்குப் பெரிய காரணம் வேண்டியதில்லை. ஒரு கரண்டி சோறு போதும்.

ராஜாவின் சமஸ்தானம் போய், நாம் மதராஸோடு சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அப்போது நம் ஊருக்கு ஒரு வானொலிப் பெட்டி வந்தது. பஞ்சாயத்து ஆபீஸில் வைத்தார்கள். பெட்டியும் பாட்டரியும் மதராஸ் சர்க்கார் கொடுத்தது. அதில் வருகிற பேச்சு டெல்லி சர்க்காருடையது. இப்படி ஊர் ஊராக மன்றம் வைத்து, கேட்டு, விவாதித்து, பதில் எழுத வேண்டும் என்ற யோசனை, பல நாடுகள் சேர்ந்து வெளிதேசத்தில் நடத்தும் ஒரு சபையிலிருந்து வந்ததாம். பெட்டியில் கரகரவென்று சத்தம் வந்தபோது மதராஸுக்கு எழுதினோம். பேச்சு எங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. வானொலி நிலையத்துக்கு எழுதினோம். பெட்டி எங்கள் பொறுப்பல்ல என்றார்கள்.

"ஒரு பெட்டிக்கு மூணு சர்க்காரு. பெத்தவ ஒருத்தி, வளத்தவ ஒருத்தி, பேரு வச்சவ ஒருத்தி. அழுதா யாரு தூக்குறது?" என்றார் பெரியப்பா. ஆபீஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

மன்றத்தில் இருபது பேர். எழுதத் தெரிந்தவன் என்று என்னை அமைப்பாளராகப் போட்டார்கள். பெட்டிச் சாவி என்னிடம். வாரம் இரண்டு நாள், பொழுது சாய்கிற நேரத்தில் அரைமணி நிகழ்ச்சி. அது முடிந்ததும் பெட்டியை நிறுத்திவிட்டு, கேட்டதைப் பற்றி எல்லாரும் பேச வேண்டும். பேசியதை அச்சடித்த தாளில் நான் எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும். தாளில் பல கட்டங்கள். வந்தவர்கள் எத்தனை, தலைப்பு என்ன, முடிவு என்ன. கடைசிக்கு முந்தின கட்டத்தில், "உறுப்பினர்களின் கேள்விகள், மாறுபட்ட கருத்துகள்" என்று போட்டிருக்கும்.

சகலையானதிலிருந்து அவரை நான் முந்திய ஒரே இடம் அது. அந்த மேசை, அந்தப் பேனா, அந்தச் சாவி. முதல் நாள் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

ஒரு மாதம்தான். அதற்குள் அங்கும் அவரே பெரிய ஆளாகிவிட்டார். நிகழ்ச்சிக்கு வராதவர்கள்கூட, அது முடிகிற நேரம் பார்த்து, அவர் பேசுவதைக் கேட்க வந்து நின்றார்கள். "இன்னும் சகலை ஆரம்பிக்கலயா?" என்று வாசலில் கேட்பார்கள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் சகலைதானே!

அவர் பேசியதில் சரக்கு இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வெறும் கோமாளித்தனம் என்றால் விட்டிருப்பேன். வானொலியில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டுவதைப் பற்றி ஒருவர் அழகாகப் பேசி முடித்தார். நான் அதைச் சுருக்கிச் சொன்னேன். பெரியப்பா எழுந்தார்.

"அவரு சொல்றது தஞ்சாவூர்க்காரனுக்கு. மடையத் தொறந்தா தண்ணி வரும் அவனுக்கு. நமக்கு வானத்தத் தொறக்க யாருகிட்ட சாவி இருக்கு? மானாவாரிக் கடலைக்கு ஒரு வார்த்த சொல்லச் சொல்லுங்க. கம்பளிப்பூச்சி கொல்லைக்குக் கொல்லை திங்குது. பிளாக் ஆபீசுல மருந்துத் தூள் குடுக்குறாங்க, இல்லங்கல. ஆனா பூச்சி இருக்கறப்ப தூள் வாறதில்ல, தூள் வாறப்ப பூச்சி இருக்கறதில்ல. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கவே கூடாதுன்னு சட்டம் எதுவும் போட்டுருக்காங்களா? எழுதுங்க சகலை!"

அப்படிச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் நாலைந்து பேர், "நெசந்தாண்டா" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கடலையும் போயிருந்தது. எங்கள் கடலைக் கொல்லையிலும் பாதி போயிருந்தது.

வீட்டுக்கு வந்து தாளை விரித்தேன். எல்லாக் கட்டத்தையும் நிரப்பினேன். அந்தக் கட்டம் வந்ததும் பேனா நின்றது. இதை எழுதினால் இவர் பேச்சு மதராஸுக்குப் போகும், டெல்லிக்குப் போகும். என் கையெழுத்தில் ஏறிக்கொண்டு இவர் போவார். "யாதுமில்லை" என்று எழுதினேன்.

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள் அவள்.

"மச்சான் என்னமோ பூச்சி மருந்தப் பத்திப் பேசுனாகளாம்ல? ஊரே சொல்லிச் சிரிக்குது. எழுதிட்டீங்களா?"

"அதெல்லாம் சர்க்காருக்கு எழுதுற விஷயமில்ல."

"பின்ன எதுக்கு அந்தக் கட்டம்?"

"ஒனக்குத் தெரியாது. சும்மா இரு."

"பேனாவுல மை ஊத்துறீங்களா, வெளக்கெண்ணெய் ஊத்துறீங்களா? எழுதுறது பூரா வழுக்கிக்கிட்டே போகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெரியப்பா அதே கேள்வியை நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் நான் யாதுமில்லை என்று எழுதினேன். ஒவ்வொரு தடவையும் அதை எழுதும்போது வயிற்றில் ஒரு குளிர்ச்சி. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஒரு கடிதம் வந்தது. மதராஸிலிருந்து ஒரு அதிகாரி, டெல்லியிலிருந்து ஒரு அதிகாரி, அந்த வெளிதேசத்துச் சபையிலிருந்து ஒரு அம்மா, மூவரும் மன்றங்களைப் பார்வையிட வருகிறார்கள். நம் ஊருக்கும் வருகிறார்கள். பார்க்கிற மன்றங்களில் ஒன்றிலிருந்து ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து வானொலியில் பேசவைப்பார்கள் என்று இருந்தது. யாரைப் பேசவைப்பார்கள்? ஒரு சச்சரவும் இல்லாமல் மன்றம் நடத்துகிற அமைப்பாளரைத்தானே! வரவேற்புரை ஒன்று எழுதி மாட்டுத் தொழுவத்தில் நின்று மனப்பாடம் செய்தேன்.

ஜீப் வந்தது. மாலை போட்டோம், இளநீர் கொடுத்தோம். வரவேற்புரையை நான் பாதி சொல்வதற்குள் மதராஸ் அதிகாரி கையமர்த்தினார். நல்ல மனிதர்தான். மடியில் ஒரு கட்டு வைத்திருந்தார். எல்லாம் என் தாள்கள்.

"ஒங்க ரிப்போர்ட் எல்லாம் படிச்சோம். இத்தன மாசத்துல ஒரு கேள்வி இல்ல, ஒரு மாறுபட்ட கருத்து இல்ல."

"ஆமாங்கய்யா. எங்க ஊரு ஒத்துமையான ஊருங்க" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

அவர் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் வந்தோம். சர்க்கார் சொல்றத ஊரு கேக்குறதுக்குத் தண்டோரா போதும். இது ஊரு சொல்றதச் சர்க்கார் கேக்குறதுக்கு வச்ச மன்றம். இங்க யாரும் வாயத் தொறக்கலன்னா மன்றம் நடக்கலன்னுதான் அர்த்தம். திருமயம் பக்கம் ஒரு ஊருல பெட்டி வேணும்னு காத்திருக்காங்க. இத அங்க மாத்திறலாமான்னு பாக்க வந்தோம்."

இப்போது எழுதும்போதும் அந்த நிமிஷம் அப்படியே வருகிறது. எதை நான் நல்ல பெயர் என்று நினைத்தேனோ, அதுவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறது.

அந்த நேரத்தில் பெரியப்பா எழுந்தார். அவர் கோபமாக இருந்தார். ஆனால் கோபம் என்மேல் இல்லை, அவர்கள்மேல்.

"ஐயா, வாயத் தொறக்கலன்னா எப்படி? நாலு வாட்டி கேட்டாச்சு. ஒரு பதிலு உண்டா? கேக்குறவனுக்கு வாயி வலிக்குது, ஒங்களுக்குக் காது வலிக்கலயா? இப்ப வந்து பெட்டியத் தூக்குறேங்கிறீங்க!"

"என்ன கேட்டீங்க?"

"பூச்சி மருந்தப் பத்தி. சகலை எழுதி அனுப்புனாரே!"

அதிகாரி கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். கடைசித் தாளைத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இருபது பேரும் பார்த்தார்கள். பெரியப்பா கடைசியாகத்தான் திரும்பினார்.

"தபால்ல எதுவும்..." என்று ஆரம்பித்தேன்.

"எல்லாத் தேதித் தாளும் இருக்கு. இந்தா, யாதுமில்லை. ஒங்க கையெழுத்து."

அப்போது என் வாயில் ஒரு பதில் வந்தது. எங்கிருந்து வந்ததோ! "சமஸ்தானத்துல இருந்த ஊருங்கய்யா. எங்க அப்பா தர்பாருக்கு மனு எழுதினா, நாலு வரி வாழ்த்தி எழுதிட்டுத்தான் ஒரு வரியில எங்க குறைய எழுதுவாரு. சர்க்காரக் குத்தம் சொல்லி எழுதுறதுக்குப் பயமா இருந்துச்சு."

அதில் பொய் எதுவும் இல்லை. அப்பா அப்படித்தான் எழுதினார். ஆனால் நான் எழுதாததற்கு அது காரணமில்லை.

மதராஸ் அதிகாரி முகம் இளகியது. அவர் அதை இங்கிலீஷில் சொன்னார். தமிழ் தெரியாத டெல்லி அதிகாரி தலையாட்டினார். அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு நோட்டில் நிறைய எழுதினார். எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ராஜா ஆட்சியில் வாழ்ந்த ஜனங்களுக்குச் சுதந்திரம் வந்த பிறகும் பேசப் பயம் போகவில்லை என்று எழுதியிருப்பார். அது எந்தெந்த தேசத்துக்குப் போனதோ, யார் யார் படித்து உச்சுக்கொட்டினார்களோ! என் வயிற்றெரிச்சல் மூன்று சர்க்கார் காகிதத்திலும் பயம் என்று ஏறிவிட்டது. பயந்தவர்கள் என்று ஊர் முழுக்கப் பெயர் வாங்கிக்கொண்டது, நான் ஒருவன் பொறாமைப்பட்டதற்காக.

"பயப்பட வேண்டியதில்ல. இப்ப எழுதுங்க. அவரு சொல்லட்டும், அப்படியே எழுதுங்க. நான் கையோட கொண்டுபோறேன். பெட்டி இருக்கட்டும்" என்றார் அதிகாரி.

பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். வானத்துச் சாவி, பூச்சி, தூள், சட்டம், எல்லாம். மதராஸ் அதிகாரி அதை மொழிபெயர்த்தபோது, அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கடல் தாண்டி வந்தவரையும் சிரிக்கவைத்துவிட்டாரே என்று எனக்கு நெஞ்சு காந்தியது. வானொலியில் பேச யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் தனியாக எழுத வேண்டியதில்லை.

அவர் வானொலி நிலையத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பேசிப் பதிவு செய்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் ஒலிபரப்பு. அன்றைக்கு நான் சாவியை மடியில் வைத்துக்கொண்டு கண்மாய்க் கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பாட்டரி போய்விட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் ஊரில் வேறு யாரும் இல்லை. இதை நான் நினைத்தேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, இந்தப் பெட்டியைத் திருமயம் பக்கம் போகாமல் நிறுத்தியவர் அவர்தான் என்பது ஞாபகம் வந்து எழுந்து போனேன்.

ஆபீஸ் கூட்டத்தைக் கொள்ளவில்லை. அதுவரை வராத பெண்களும் வந்திருந்தார்கள். உங்கள் அம்மாவும் பெரியம்மாவும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா மூலையில் குனிந்தபடி இருந்தார். பெட்டியின் குமிழைத் திருகினேன்.

அவர் குரல் வந்தது. ஆனால் அவர் பேச்சு வரவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததை எழுத்துக் கூட்டி வாசித்தார். "மானாவாரி விவசாயிகளாகிய நாங்கள்..." என்று அங்கங்கே நின்று நின்று. முதலில் எனக்கு எப்படி இனித்தது தெரியுமா! மூன்றாம் வகுப்பு மூன்றாம் வகுப்புதான் என்று நினைத்தேன். பிறகு அந்த வரிக்காகக் காத்திருந்தேன். கம்பளிப்பூச்சி வந்தது. "சர்க்கார் மருந்து வழங்கி உதவுகிறது" என்று வந்தது. அடுத்தது அதுதான் என்று முன்னால் சாய்ந்தேன். "நன்றி, வணக்கம்" என்று முடிந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. வாசலில் ஒருவர், "தூளும் பூச்சியும் பாத்துக்காத கத எங்கப்பா?" என்றார்.

பெரியப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அங்கிட்டும் ஒங்களாட்டம் ஒருத்தன் இருக்கான் சகலை."

ஆபீஸ் இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. பயம் என்று மூன்று சர்க்கார் நம்பியதை அவர் நம்பவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பெட்டியை நிறுத்தினேன். யாரென்று தெரியாத அந்த நிலையத்து ஆள்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். அந்த வரியை மறைத்தால் நான் மறைக்க வேண்டும், அவன் யார்?

கூட்டம் அடங்கியதும் தாளை விரித்தேன். அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "சகலை, விட்டுப்போன அந்த வார்த்தையத் திரும்பச் சொல்லுங்க" என்றேன்.

"எதுக்குச் சொல்லணும்? ஒங்களுக்குத்தான் மனப்பாடமா இருக்குமே."

இருந்தது. அவரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு சொல் பிசகாமல் எழுதினேன். இந்த வரியை எங்கள் உறுப்பினர் உங்கள் முன் சொன்னார், நீங்கள் ஒலிபரப்பில் விட்டுவிட்டீர்கள், அது எங்களுக்கு வருத்தம் என்றும் எழுதினேன். இந்த முறை கட்டம் போதாமல் பின்பக்கமும் ஓடியது. அவர் பெயரைப் போடும்போது, மன்றத்தின் சார்பில் என்று மட்டும் போட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. போட்டேன், அவர் பெயரையே. மூன்று நகல் எடுத்து மூன்று இடத்துக்கும் அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. நிலையத்திலிருந்து, நீளமான உறை. அமைப்பாளர் பேருக்கு வரவில்லை. பெரியப்பா பேருக்கு வந்தது. அவர் பிரிக்காமலே நம் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து, "சர்க்காரு எழுத்து எனக்கு ஓடாது. வாசிங்க சகலை" என்று கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

பிரித்தேன். அவர் வரியை விட்டது தவறுதான் என்றும், அடுத்த வாரம் அதை அப்படியே வாசிக்கப்போவதாகவும், தூள் தாமதமாவது பற்றி மதராஸுக்கு எழுதிக் கேட்டிருப்பதாகவும் இருந்தது. கடைசிப் பத்தியில், இவ்வளவு தெளிவாகவும் துணிவாகவும் கருத்துச் சொல்லும் உங்களைப் போன்ற ஒருவர் ஒவ்வொரு மன்றத்திலும் இருக்க வேண்டும் என்று இருந்தது.

அந்தப் பத்திக்கு முன்னால் நின்றேன். மடித்துக் கொடுத்தால் அவருக்குத் தெரியப்போவதில்லை. அடுப்படி வாசலில் உங்கள் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஆனால் அவளுக்காக வாசித்தேன் என்று நினைக்காதீர்கள். ஒரு வரியை விடுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பெட்டி முன்னால் உட்கார்ந்து கேட்டுவிட்டேன். தெளிவாகவும் துணிவாகவும் என்பதை மென்று விழுங்காமல், உரக்கவே வாசித்தேன். வயிறு எரிந்தது. எரியட்டும் என்று வாசித்தேன்.

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா வாசிங்க" என்றார்.

"எதுக்கு? ஒருக்கா கேட்டது போதாதா?"

"எம் பொண்டாட்டி வந்துக்கிட்டு இருக்கா. அவளும் கேக்கட்டும்."

பெரியம்மா வந்தார்கள். வாசித்தேன்.